நீர்மட்டத்துக்குக் கீழே

மூணாறு தலைப்பில் ஷட்டர்களை மேலே தூக்கிவிட்டு
துரு சுரண்டிக்கொண்டிருந்தார் லஸ்கர் குஞ்சிதபாதம்.
என்னைவிட இரண்டு வயது சின்னவர்.
மே மாதம். வெண்ணாற்றில் ஒரு வாளிகூட இல்லை.
"கப்பல்ல என்ன வேலை?"
"ரூம் துடைக்கிறது."
"கப்பல முழுசாப் பாத்திருக்கீங்களா?"

நியாயமான கேள்வி.
பதினோரு வருஷம் அதன் வயிற்றுக்குள் கிடந்தவன்
முழுதாய்ப் பார்த்தது ஒரே தடவை,
போன மார்கழியில்,
தண்ணீரை இறைத்துவிட்ட ஒரு கான்கிரீட் பள்ளத்தில்.

நீடாமங்கலம் கடைத்தெருவை
ரயில்வே கேட்டோடு, கேட்டில் காத்து நிற்கும் பஸ்களோடு
அப்படியே இறக்கிவைக்கலாம் அந்தப் பள்ளத்தில்.
கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது கப்பல்,
பந்தியில் வேட்டி நழுவிய பெரிய மனுஷன் மாதிரி.
மேலே வெள்ளை, பால்கனி, கண்ணாடி:
விளம்பரத்தில் போடுகிற பாதி.
கீழே செங்காவி, பாசி,
நாகப்பட்டினத்து விசைப்படகில் ஒட்டுகிற அதே கொட்டலசு.
நங்கூரச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் போட்டு
கண்ணி கண்ணியாக பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
பயணிகள் இல்லை. கம்பளங்களுக்கெல்லாம் பாலிதீன்.
கக்கூஸ் போக இருநூறு படி இறங்கிக் கரைக்குப் போகவேண்டும்.
முதல் ராத்திரி இன்ஜின் உறுமல் நின்றுபோனதில்
எங்கள் தளத்தில் ஒருத்தரும் தூங்கவில்லை.
எழவு வீடு மாதிரி இருக்கிறதென்று
ரெனாட்டோ எழுந்துபோய்
நாலு சட்டையை இஸ்திரி போட்டான்.

மறுநாள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
என் படுக்கை நீர்மட்டத்துக்குக் கீழே, வலப்பக்கம்.
மூக்கிலிருந்து அடி வைத்து அளந்தேன்.
தகராறு வந்தபோது ஒரு வெல்டர்
சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தான்:
உன் தலை இங்கேதான், ஏறக்குறைய.
தொட்டேன்.
ஒரு விரல் கனத் தகடு.
மகள் பிறந்ததை போனில் கேட்டதும்
செங்கமலத்தோடு ஒரு மாதம் பேசாமல் கிடந்ததும்
இதில் முதுகு சாய்த்துத்தான்.
வட்டத்துக்குள்ளேயே நாலைந்து கொட்டலசு
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.
இத்தனை நாள் பக்கத்து வீடு, தெரியாது.
சாயங்காலத்துக்குள் தண்ணீரைப் பீய்ச்சி
எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள்,
வட்டத்தையும் சேர்த்து.

"ஒருதடவ பாத்தேன்" என்றேன்.

"அந்தக் காலத்துல கப்பல்காரனத்தான்
லஸ்கர்னு கூப்பிடுவானாம். ஏ.ஈ. சொன்னார்" என்றார்.
"நான் வேளாங்கண்ணியில கால் நனைச்சதோட சரி."
இன்னொரு சுரண்டியை நீட்டினார்.
பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறந்தால்
இங்கே வந்துசேர ஒரு வாரம்.
அதற்குள் இரண்டு கோட்டிங் அடித்தாக வேண்டும்.

மதகுக்குக் கீழே இறங்கி நின்றேன்.
சுவரில் அடிக்கணக்கு எழுதியிருந்தது,
கப்பல் மூக்கில் எழுதியிருந்த மாதிரியே.
என் தலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே.
மாட்டுக் கொம்பு ஒன்று, ஒற்றைச் செருப்பு,
யாரோ பரிகாரத்துக்கு விட்ட தகரப் பெட்டி.
சுரண்டச் சுரண்ட
சட்டைப்பையில் மடித்த தாள் வியர்வையில் நனைந்தது.
கம்பெனி டாக்டர் சென்னையில் எழுதிக்கொடுத்தது:
சர்க்கரை இருநூற்று எண்பது.
இப்போதைக்குக் கப்பலேறத் தகுதியில்லை.
மூன்று மாதம் கழித்து வரவும்.
வீட்டில் இன்னும் காட்டவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு
மின்விசிறி நின்ற நொடியில்
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
கை தானாகச் சுவரைத் தேடியது.
ஒன்பது அங்குலச் செங்கல். அந்தப் பக்கம்
சம்பந்தமூர்த்தி வீட்டு ஆடு இருமியது.

செங்கமலம் கண்ணைத் திறக்கவில்லை.
"கரண்ட்டுதான். படுங்க."

கொஞ்ச நேரம் கழித்து,
"சட்டைய ஊறப்போடறதுக்கு முன்னாடி
அந்தத் தாள எடுத்துக் காயவச்சிருக்கேன்."