வாடைக்கு ஆள் இல்லை

ஃப்ரேனி நாசிக்குக் குடிபோனபோது
மேசையை விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.
அவளுடையதுதான். கேட்க முடியாது.
நாலு வெள்ளிக்கிழமை
நானும் நஃபீசாவும் குமுதும் ரம்மி ஆடினோம்.
சீட்டுக்கு எடை கிடையாது.
நஃபீசா எவ்வளவு ஓங்கிப் போட்டாலும்
மெத்தையில் விழுந்த மாதிரி போய் உட்கார்ந்தது.

ஆளுக்கு இரண்டாயிரம்.
ஆறாயிரத்துக்குள் ஒரு மாஜோங் பெட்டி.
சனிக்கிழமை செம்பூரில் ஏறி
சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கினோம்.
குமுதுக்குக் காய் பெரிதாக இருக்க வேண்டும்,
அவள் கண்ணாடியை எங்கே வைத்தாள் என்பது
ஒவ்வொரு வாரமும் தனி ஆட்டம்.
நஃபீசாவுக்குச் சத்தம்.
டக்கென்று, எதிராளியின் விலாவில் கேட்கணும்.
எனக்கோ வாயடங்கிய காய் வேண்டும்.
ஏழு வருடத்தில் மூன்று கடிதம் போயிருக்கிறது
சொசைட்டி செயலாளருக்கு:
நான்காம் மாடியில் வெள்ளிதோறும் கல் உடைக்கிறார்கள்.

சோர் பஜாரில் முதல் பெட்டி.
தந்தம் என்றார் கடைக்காரர்.
உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாய் மாட்டெலும்பு.
முன்னால் எலும்பு, பின்னால் மூங்கில்,
ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு.
பதினெட்டாயிரம்.
உள்ளங்கையில் வைத்தேன்,
ஒரு பேரீச்சம்பழத்தின் கனம்.
வாங்கிவிடலாம் என்று நினைத்தது நான்தான்,
ஆறு இரண்டாயிரங்களை மறந்து, கீழ்வீட்டை மறந்து.
நடைபாதையில் குந்தி எண்ணினோம்.
நூற்று நாற்பத்து மூன்று.
ஒன்றுதானே குறைகிறது என்றார்.
ஒன்றுதான். கோடை.

சீன எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது.
கிழக்கைக் கொண்டல் என்றும்
தெற்கைத் தென்றல் என்றும்
மேற்கைக் கோடை வடக்கை வாடை என்றும்
யாருக்கும் சொல்லாமல் பழக்கி வைத்திருக்கிறேன்.
வெஸ்ட் என்று நஃபீசா கத்தும்போது
என் பக்கத்துக் காற்று சூடாகும்.
மூன்று கோடையோடு எப்படி ஆடுவது?

அடுத்த கடையில் பயணப் பெட்டி, ஆயிரத்து எண்ணூறு.
சுண்டுவிரல் நகம் அளவு காய்.
குலுக்கினால் பொரி.
குமுது தன் மூக்கருகே ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு
எறும்புகள் ஆடட்டும் என்று வைத்தாள்.
கிராஃபோர்ட் மார்க்கெட்டில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்,
கற்கண்டு மாதிரி.
விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால்
என் கை முழுவதும் எதிர்ப்பக்கம் தெரியும்.
புள்ளிக்கு ஐம்பது பைசா வைத்து ஆடுகிற வீட்டுக்கு
அது சரிப்படாது.

கடைசியில், கால் வலித்தபின்,
பச்சை முதுகு மெலமைன்.
ஏழாயிரத்தை ஐயாயிரத்து நானூறுக்கு இறக்கினாள் நஃபீசா.
செதுக்கல் ஆழம்.
கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவினேன்:
மூன்று வட்டம். ஏழு மூங்கில்.
ஒன்றாம் மூங்கிலில் ஒரு பறவை,
மயில் என்று சொல்லலாம், கோழி என்றாலும் சண்டை இல்லை.
சத்தம் நடுத்தரம்.
தொலைந்தால் எழுதிக்கொள்ள நாலு வெற்றுக்காய் இலவசம்.
வெற்றுக்காய் நாலு கொடுக்கிறவன்
வெற்று ஆள் ஒன்று கொடுக்கக்கூடாதா என்றாள் குமுது.
மூன்று பேரும் சிரித்தோம்.
டாக்ஸியில் யாரும் பேசவில்லை.

வெள்ளி வந்தது.
மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் ஒரு போர்வையும் விரித்து
காய்களைக் கவிழ்த்துக் கலக்கிக்கொண்டிருந்தோம்,
சும்மா, கை பழக.
அழைப்பு மணி.
கீழ்வீட்டு சுலபா பட்வர்தன்.
கையில் கடிதம் இல்லை.
"ஒரு மாதமாகச் சத்தமே இல்லையே,
யாருக்காவது உடம்பு சரியில்லையா?"
நஃபீசா காலாலேயே நாற்காலியைத் தள்ளினாள்.

விதி தெரியாது. சிவப்பு டிராகனைத் தூக்கிப் போட்டாள்.
பறவைக் காயை அழகாக இருக்கிறதென்று
மடியில் ஒளித்து வைத்தாள்.
பிறகு ஒரு காயை என் பக்கம் திருப்பி
இது என்ன என்றாள்.
நார்த் என்று சொல்ல வாயெடுத்து
வாடை என்றேன், சத்தமாக, முதல்முறை.

"வடாவா? பாவ் எங்கே?"

நஃபீசா அடித்த காயில்
போர்வை, கம்பளி எதுவும் உதவவில்லை.
பழக்கத்தில் நாங்கள் மூவரும்
தரையைப் பார்த்தோம்.