நாலாம் அத்தியாயத்து நாய்

அக்கா எழுதிய நாவல் லிஸ்பனிலிருந்து தபாலில் வந்தது.
எட்டு வயதுக்கு மேல் என்று பின்னட்டையில் போட்டிருந்தது.
எனக்கு அறுபத்திரண்டு.
சந்தையில் கடையைச் சாத்திவிட்டு
செதில் ஒட்டிய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
முதலில் என்னைத்தான் தேடினேன்.

ஊர் இருக்கிறது, பெயர் மட்டும் வேறு.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஏழு ஆலைகளும் இருக்கின்றன.
படகு வந்துவிட்டால், நடுச்சாமமானாலும்,
அதனதன் சங்கை ஊதுவார்கள்.
அவள் கதையில் அவை திமிங்கிலங்கள்.
கரையேறி வந்து
வீடு வீடாகப் பெண்களைப் பேர்சொல்லிக் கூப்பிடுகின்றன.
புளுகு.
ஆனால் எங்கள் அம்மாவின் சங்கு மூன்றாவது,
சளி பிடித்த குரல்;
அது கேட்டதும் இருட்டில் அவள் கால்
செருப்பைத் துழாவும் ஓசை,
அதை அப்படியே வைத்திருக்கிறாள்.

கூலி கேட்டுப் பெண்கள் மீனைத் தெருவில் கொட்டிய வருடம்
குதிரைப் போலீஸ் வந்தது நிஜம்.
குதிரைகள் மீனில் வழுக்கி உட்கார்ந்துவிட்டனவாம்,
எழுந்திருக்க மாட்டோம் என்றனவாம்.
சிரித்துவிட்டேன்.
அன்றைக்கு யார் சிரித்தது?
அப்பா திரும்பி வர எட்டு மாதம் ஆனது,
வந்தபின்னும் வாய் திறக்கவில்லை.

போன் செய்தேன்.
"மூடி போடும் எந்திரத்தில் போன கிராசிண்டாவின் விரல்
உன் கதையில் எப்படி முளைத்தது?"
"அவளேதான் கேட்டாள்.
புத்தகத்திலாவது மோதிரம் போட்டுப் பார்க்கணுமாம்."
"சரி, நான் எங்கே?"
அந்தப் பக்கம் காபியில் கரண்டி சுற்றும் சத்தம்.
"நாலாம் அத்தியாயம்."

நாலாம் அத்தியாயத்தில் ஒரு நாய்தான் இருக்கிறது.
பின்னங்கால் ஒன்று விந்தும், இடதுகால்.
சங்கு ஊதி அம்மா போனபின்
கதவுக்கும் தரைக்கும் நடுவே நுழைகிற கடல்காற்றை
முதுகால் அடைத்துக்கொண்டு
விடியும்வரை படுத்துக் கிடக்கும்.
கட்டிலில் ஒரு சிறுமி
தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு
அதன் மூச்சை எண்ணுகிறாள்.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்றல்லவா
ஐம்பத்தைந்து வருடம் நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஆலை இப்போது ஓட்டல்.
சங்கைப் பளபளவென்று தேய்த்து
வரவேற்பறையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
நேற்று மீன் கொடுக்கப் போனவன்
யாரும் பார்க்காதபோது
அதைத் தட்டிப் பார்த்தேன்.
சும்மா தகரச் சத்தம்.

மற்றபடி நல்ல புத்தகம்.
அந்த நாய்க்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்ததை மட்டும்
நான் மன்னிப்பதாக இல்லை.