எழுவாய்

தரமணி, மூன்றாம் மாடி.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்,
அறுபத்து நான்கு பக்கம்.
வெள்ளிக்கிழமை குழு கூடுவதற்குள்
தமிழ்ப் பிரதி வேண்டும்.

முதல் வரைவில் ஒரு வாக்கியம்:
மது கல்லீரலை அழிக்கிறது.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
ஆறாம் வகுப்புப் பிள்ளை பிரித்துவிடும்.

இரண்டாம் வரைவு நள்ளிரவில் வந்தது
ஓரமெல்லாம் சிவப்புக் குறிப்புகளோடு.
குறித்தவர் பெயர்: விருந்தினர் 3.
‘மதுவால் வரும் தீங்கு’ என்பதை அடித்துவிட்டு
‘மதுவைத் தீங்காகப் பயன்படுத்துதல்’.

மூன்றாம் வேற்றுமை போய்
இரண்டாம் வேற்றுமை.
ஆல் சாய்ந்து ஐ முளைத்தது.
அவ்வளவுதான்,
பாட்டில் கை கழுவிக்கொண்டது.
அது நின்ற இடத்தில்
லுங்கி கட்டிய ஒரு ஆள்
திருதிருவென்று விழித்தான்.

அவனை எனக்குத் தெரியும்.
போன ஆடியில் ராயபுரம் ஆஸ்பத்திரி,
படுக்கை பத்தொன்பது.
தேசப்பன், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்,
மஞ்சள் ஏறிய கண்.
கேள்வித்தாளை நான்தான் வாசித்தேன்:
எந்த வயதில் குடிக்கத் தொடங்கினீர்கள்?
‘கட வந்துச்சு, ஆரம்பிச்சேன்.’
வயதுக்குத்தான் கட்டம் இருந்தது.
கடைக்கு இல்லை.
கணக்குப் போட்டு 24 என்று எழுதினேன்.
‘இத எழுதுனா கடைய எடுத்துருவாங்களாம்மா?’
அவர் மனைவி கேட்டதற்கும்
கட்டம் இல்லை.

நிதி உதவி: ஒரு நல்வாழ்வு அறக்கட்டளை.
அறக்கட்டளைக்கு நிதி எங்கிருந்து என்பது
அடிக்குறிப்புக்கும் அடியில்,
எறும்பு அளவு எழுத்தில்.
ஒருமுறை அவர்களுடைய கருத்தரங்குக்கு
மொழிபெயர்க்கப் போனேன்,
கடற்கரைச் சாலை ஓட்டலுக்கு.
முந்திரி, குளிரூட்டி,
‘பொறுப்புடன் அருந்துவோம்’ என்று பதாகை.
எனக்கும் ஒரு பேனா தந்தார்கள்.
நன்றாக எழுதுகிறது.
இதைக்கூட அதில்தான் எழுதுகிறேன்.

டாக்டர் சுகிர்தாவைக் கூப்பிட்டேன்.
‘இருக்கிறபடியே போட்டுடு’ என்றார்.
பிறகு, நான் கேட்காமலே,
‘பன்னிரண்டு பசங்களுக்கு
மார்ச்சோட சம்பளம் நின்னுடும்.’
பின்னால் மிக்ஸி ஓடியது.
அணைத்தபிறகும் அவர் பேசவில்லை.

போட்டேன்.
காரணம் என்று இருந்ததையெல்லாம்
தொடர்பு ஆக்கினேன்.
வரியை உயர்த்துக, கடை நேரத்தைக் குறைக்க
என்ற இரண்டு பரிந்துரைகள் இருந்த இடத்தில்
பள்ளிகளில் விழிப்புணர்வு ஓவியப் போட்டி.
வெள்ளிக்கிழமை குழு கூடியது.
ஆங்கிலப் பிரதியைப் புரட்டினார்களாம்.
தமிழ்ப் பிரதி சட்டப்படி ஒன்று இருக்க வேண்டும்,
இருந்தது.

பிடித்தம் போக எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது
வங்கியில் விழுந்தது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்,
அட்டவணைக்குக் கீழே,
மது கல்லீரலை அழிக்கிறது
என்ற பழைய வாக்கியம்
அப்படியே நிற்கிறது.
இதுவரை யாரும் கூப்பிடவில்லை.
துணிச்சலா என்று கேட்டால்
பிழை என்றுதான் சொல்வேன்,
தூக்கக் கலக்கம்,
திருத்தாமல் விட்டுவிட்டேன்.