அலுமினியக் காது

அவுடனார்டே மேட்டில் மழை.
யோரிஸின் சைக்கிளில் பேட்டரி செத்துவிட்டது;
பன்னிரண்டு கியரில் ஒன்றுதான் மிச்சம்,
அதுவும் ஏற்றத்துக்கு ஆகாதது.

கோடலீவ சிரிக்கவில்லை.
சிரித்தாள், மழைக்கோட்டின் கழுத்துக்குள்.

அவளுடையது
கட்டைவிரல் நீளத்தில் ஓர் அலுமினியக் காது.
எண் இல்லை, கிளிக் இல்லை.
இழுத்தால் சங்கிலி முணுமுணுக்கும்,
இன்னும் மயிரிழை இழு,
முணுமுணுப்பு நின்ற இடம்தான் கியர்.
தளர்ந்தால் இருபது சென்ட் காசால்
அரைத் திருகு.

எழுபத்தொன்றில் யாரோ வார்த்தது.
ஈரத்தில் விரல் எங்கே வழுக்குமென்று
அவனுக்குத் தெரிந்திருக்கிறது:
அங்கே மட்டும் சொரசொரப்பு.

உச்சியில் காத்திருந்தாள்.
தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்த யோரிஸ்
அந்தக் காதையே பார்த்தான்.
"சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்கும்?"
"காலையில் ரெண்டு முட்டை."