முள் இல்லாத தட்டு

ஜிப்மரில் நெஞ்சுக்குள்
சின்னக் கம்பிவலை விரித்து அனுப்பிய மூன்றாம் மாதம்
முதுநகர்த் துறைமுகத்தில் மறுபடி ஏலக்குரல் எடுத்தேன்.
வஞ்சிரம் கூடை நாலாயிரம், நாலாயிரத்து நூறு...
வாய் விலை ஏற்ற
சைக்கிளில் தொங்கியது தூக்குவாளி:
கேழ்வரகுக் களி, முளைக்கீரைக் கடைசல்,
உப்பு பாதி.

"ஏலக்காரர் தழை மேயுறாரு" என்றான் சிங்காரவேலு.
சிரித்தேன்.
நெஞ்சு அடைக்காமல் சிரிக்க முடிகிறது,
அதைச் சொல்லவில்லை.

வீட்டில் பூனைக்குத்தான் கோபம்.
நாற்பது வருஷமாக மீன்முள்ளில் வளர்ந்த வம்சம்.
முருங்கைச் சக்கையை மோந்துவிட்டு
செங்கேணியை ஒரு பார்வை பார்த்தது.

நேற்றிரவு அவள் தட்டில் ஒரு சங்கரா.
வாசனை வந்தது.
நான் பேசவில்லை.
அவளும்.
பாதி தின்று
மீதியைப் பூனைக்குத் தள்ளிவிட்டு
என் கீரையில் கைவைத்தாள்.