மறுபடி முளைத்த செதில்

க்வேனங்கன் ஃபியோர்டில்
சூரியன் வராத ஐம்பத்திரண்டாம் நாள்.
பத்தரை மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து
மை கழுவிய நீர்போல் ஒரு நீலம் வரும்,
ஒன்றரைக்குப் போய்விடும்.
படகில் யாரும் அதைப் பகல் என்பதில்லை.
மீன்களுக்கு அது போதும்.
நீலம் தட்டியதும் மொத்தக் கூட்டமும்
கல் கட்டிவிட்டதுபோல் இறங்குகிறது,
நாற்பது பாகம், எண்பது, நூற்றைம்பது.
சோனார் திரையின் அடியில்
ஒரு சிவப்புக் கறை, அசையாமல்.

ஹெர்ரிங். இங்கே சொல்வது சில்.
எழுதினால் கடைசியில் இன்னோர் எழுத்து உண்டு,
வாய்க்கு வந்ததும் உதிர்ந்துவிடும்
இதன் செதிலைப்போலவே.
வலை உரசினால் போகும்,
பக்கத்து மீன் உரசினாலும் போகும்.
என் பூட்ஸில், புருவத்தில்,
காபிக் கோப்பையின் விளிம்பில்.
போன வாரம் ஷார்வேய் கடையில்
பணம் நீட்டினேன்,
நோட்டில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து
எண்ணி வாங்கிக்கொண்டாள் அந்தப் பெண்.

என் வேலை நூறு மீன்.
நீளம், எடை, ஆணா பெண்ணா, வயிறு.
வயிறு எப்போதும் காலி.
அக்டோபரிலிருந்து இவை எதையும் தின்னவில்லை.
கோடையில் நடுக்கடலில் விழுங்கிய
செந்நிறப் பொடிக்கூனிகள் கொழுப்பாகி,
அந்தக் கொழுப்பு இப்போது
முட்டையாகிக்கொண்டிருக்கிறது.
இன்னும் சில நாளில் தெற்கே கிளம்பிவிடும்,
சரளைக்கல் தரை தேடி.

இரவில் மேலே வந்து காற்றை விழுங்கும்.
இருட்டில் ஒன்றையொன்று தொலைக்காமலிருக்க
அந்தக் காற்றைத்தான் பின்னால் விட்டு
டிக் டிக்கென்று பேசிக்கொள்ளுமாம்.
குசு என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.
"இத்தனை லட்சம் பேர் இடிக்காமல் போகிறார்களே,
அதுதான் காரணம்" என்றார் கேப்டன் ஒட்பியோர்ன்.
சமையல்கார மாக்னில்ட் சிரிக்கவில்லை.
அவள் கட்டில் அவர் அறைக்கு அடுத்தது.

அறுபத்திரண்டாவது மீன்
முப்பத்தேழரை சென்டிமீட்டர்.
செதிலை நுண்ணோக்கியில் வைத்தேன்.
ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வளையம்,
எண்ணினால் வயது.
ஓரத்தில் நாலு வளையம் தெளிவாக.
நடுவில் ஒன்றுமில்லை,
பால் சிந்திய கண்ணாடி.
இன்னொரு செதில், அதுவும் அப்படியே.
துடுப்புக்கு அடியில் ஒளிந்திருந்ததையும் பிடுங்கினேன்.
இருபது செதில், இருபதிலும் அதே வெறுமை.

எல்லாம் மறுபடி முளைத்தவை.
ஏதோ ஒரு வலை, இல்லை ஓர்க்காவின் வாலடி.
கடல்மேல் வெள்ளி மழை பெய்திருக்கும்,
அதற்கு அடியில் இது,
உரித்த உடம்போடு.
அவ்வளவு செதில் போனது பிழைக்காது.
உப்பு உள்ளே ஏறிக் கொல்லும்.
இது பிழைத்திருக்கிறது.
புதுச்செதில் வந்த நாளிலிருந்துதான்
கணக்கு வைத்திருக்கிறது.

என் வலது உள்ளங்கையிலும் கோடுகள் கிடையாது.
விஞ்சுக் கயிறு ஒருமுறை இழுத்துக்கொண்டு போனது,
தொடையிலிருந்து வெட்டி ஒட்டினார்கள்.
ட்ரோம்சோ சந்தையில் கைரேகைக்காரி
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
ஐம்பது க்ரோனரைத் திருப்பிக் கொடுத்தாள்.
"இடது கையைப் பாரேன்" என்றேன்.
அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

செதில் பேசாவிட்டால்
தலையைத் திறக்க வேண்டும் என்பது விதி.
கத்தி நுனி, மண்டைக்குப் பின்னால் ஒரு நெம்பு.
செவிக்குள் இரண்டு கற்கள்,
உடைந்த அரிசியளவு.
ஒன்றைத் தண்ணீர்ச் சொட்டில் போட்டு
விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினேன்.
கறுப்பு, வெள்ளை. கறுப்பு, வெள்ளை.
உரிந்த வருஷமும் இருந்தது,
மற்ற வருஷங்களைவிட ஒடுங்கி,
ஆனால் இருந்தது.

பதினேழு என்று எழுதினேன்.
அழித்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
பதினேழுதான்.

மேலே விஞ்ச் உறுமத் தொடங்கியது.
ஒட்பியோர்ன் யாரையோ திட்டுகிறார்.
அறுபத்து மூன்று.
பெண். முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
வயிறு காலி.