விவசாயத் துறை

எங்கள் ஊரில் அவர்களுக்கு
விவசாயத் துறை என்று பெயர்.
சீருடை இருக்காது,
சீருடையின் நடை மட்டும் இருக்கும்.
கலப்பை பிடித்தவர் ஒருவரும் இல்லை;
அறுவடைக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள்.

பிப்ரவரிப் பனி. பொட்டோஹார் மேட்டில் ஒரு பள்ளி.
மூன்றாம் வகுப்பு அறைதான் வாக்குச்சாவடி.
கணக்கு டீச்சர் நான்,
அன்று ஒருநாள் தலைமை அலுவலர்.
விடியும்போதே செல்போன்கள் செத்துக் கிடந்தன.
சின்னத்தைப் பறிகொடுத்த கட்சியின் ஆள்
கத்தரிக்காயில் நின்றார்.
பெண்கள் வரிசை முக்காட்டுக்குள் சிரிப்பை மடித்துக்கொண்டு நகர்ந்தது.
'கத்தரிக்காய் இன்றைக்கு என்ன விலை, டீச்சர்?'

எண்ணி முடிக்க இரவு எட்டரை.
கத்தரிக்காய் அறுநூற்றுப் பன்னிரண்டு.
குடை நூற்று நாற்பது.
எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்திட்டு,
முகவர் ஸர்காமிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.
வேர்க்கடலைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.
சூட்டோடு ரொட்டி வாங்கியவன்போலத்
தாளை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டான்.

மற்றப் பிரதிகளோடு நான் ஜீப்பில் ஏறினேன்.

மாவட்ட அலுவலகத்தின் பின்னறை.
ஹீட்டர். ஏலக்காய் தேநீர்.
என் மகன் படிக்கும் கல்லூரியின் பெயரை
அவரே சொன்னார்,
விடுதி அறை எண்ணோடு.
பிறகுதான் வெற்றுப் படிவத்தை நகர்த்தினார்.

எங்கள் உருதுவில் சுழியம் என்பது வெறும் புள்ளி.
பேனா தடுக்கினால்கூட விழுந்துவிடும்.
பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்:
இடப்பக்கம் வைத்தால் ஒன்றுமில்லை,
வலப்பக்கம் வைத்தால் பத்து மடங்கு.

வலப்பக்கம் வைத்தேன்.

குடை ஆயிரத்து நானூறு.
அந்தச் சாவடியில் மொத்த வாக்காளர்களே
ஆயிரத்து நூற்று ஆறு பேர்.
அவர் தாளைப் பார்த்தார், தலையசைத்தார்.
கூட்டிப் பார்க்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அதைத் துணிச்சல் என்று
சில இரவுகளில் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

ஜூலையில் தீர்ப்பாயம் அழைத்தது.
கட்டைவிரல் மை நகத்தோடு வளர்ந்து வளர்ந்து
விளிம்புக்கு வந்திருந்தது, வெட்டாமல் வைத்திருந்தேன்.
ஸர்காம் தன் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான்.
உள்ளே வியர்வைக் கறை ஒன்று,
நெஞ்சு இருந்த இடத்தில்.

இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்து
நீதிபதி கேட்டார்:
'இதில் உங்கள் கையெழுத்து எது?'

ஸர்காம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'இரண்டும்' என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த தவணை செப்டம்பரில்.